ஓர் ஆளைப் பிடிக்க எவ்வளவு செலவு? இணையச் சூதாட்டத்தின் கணக்கேடும் நம் மக்களின் கடனும்

சூலூரை அடுத்த ஒரு சிற்றூரில் விசைத்தறி ஓட்டும் தொழிலாளி ஒருவரின் வங்கிக் கணக்கு அறிக்கை என் மேசைக்கு வந்தது. அருந்ததியர் குடியிருப்பைச் சேர்ந்தவர். முப்பது வயதுகூட ஆகவில்லை. கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையில் கடன் கொடுத்தவர் தொகையை நிரப்பி வழக்குத் தொடுத்திருந்தார். அந்த வழக்கிற்காகவே அவர் தம் மனைவியோடு வந்திருந்தார். மருத்துவச் செலவா, கல்யாணச் செலவா என்று கேட்டேன். அவர் தலைகுனிந்திருந்தார். மனைவிதான் கைப்பேசியைச் சுட்டிக் காட்டினார்.

அறிக்கையைப் புரட்டினேன். ரம்மி நிறுவனத்திற்குச் சென்ற முதல் தொகை ₹100. இரண்டு நாளில் ₹340 திரும்பி வந்திருந்தது. அதன்பின் மாதக்கணக்கில் போன தொகைகளே நிறைந்திருந்தன. வந்த தொகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலான பற்றுகள் சனிக்கிழமை மாலையில் விழுந்தவை. சனிக்கிழமை இந்த வட்டாரத்தில் கூலி நாள்.

இத்தகைய ஒருவரைப் பார்த்ததும் ஊர் சொல்லும் சொற்கள் நமக்குத் தெரியும். பேராசை, பொறுப்பின்மை, "இவனுங்களுக்குக் காசு கையில் நிற்காது". கடைசிச் சொல்லில் சாதி ஒளிந்திருப்பதையும் நாம் அறிவோம். இக்கட்டுரை அந்தத் தொழிலாளியின் மனத்தை ஆராயப் போவதில்லை. அவரைப் பிடிப்பதற்கு அந்நிறுவனம் எவ்வளவு செலவிட்டது, அந்தச் செலவை எப்படி அளந்தது, எப்படிக் குறைத்தது என்று கேட்கிறது. அவர் கடனில் விழுந்தது தற்செயலா, ஒரு தொழில் திட்டத்தின் விளைவா என்பதை இந்தக் கேள்வியே காட்டித் தரும்.

கணக்கேட்டின் மொழி

இணையச் சூதாட்ட நிறுவனங்களின் கணக்கில் முதன்மையான எண் ஒன்று உண்டு: வாடிக்கையாளர் ஈர்ப்புச் செலவு. விளம்பரம், நட்சத்திரங்களின் ஊதியம், இடைத்தரகருக்கான கழிவு, புதிதாகச் சேர்வோருக்கான ஊக்கத்தொகை ஆகிய அனைத்தையும் கூட்டி, அந்தக் காலத்தில் புதிதாகச் சேர்ந்தோரின் எண்ணிக்கையால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும்.

'சேர்ந்தவர்' என்பவர் யார்? செயலியைப் பதிவிறக்கியவர் அல்லர். பெயரைப் பதிவு செய்தவரும் அல்லர். முதன்முறையாகச் சொந்தப் பணத்தைச் செலுத்தியவரே கணக்கில் ஓர் ஆளாகக் கருதப்படுகிறார். அதற்கு முந்தைய படிகள் அனைத்தும் அந்த முதல் வைப்பை நோக்கி நகர்த்தும் ஏற்பாடுகள். எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தார், எந்த நாளில் வந்தார், எத்தனை நிமிடத்தில் பணம் செலுத்தினார் என்பதெல்லாம் தனித்தனியாக அளக்கப்படுகின்றன.

இந்த எண்ணுக்கு இணையாக இன்னோர் எண் வைக்கப்படுகிறது: அந்த ஆள் செயலியைவிட்டுப் போகும்வரை நிறுவனத்திற்கு ஈட்டித் தரும் மொத்தத் தொகை. இதை வாழ்நாள் மதிப்பு என்பார்கள். மென்பொருள் தொழிலிலிருந்து வந்த ஒரு பொதுவழக்கின்படி, வாழ்நாள் மதிப்பு ஈர்ப்புச் செலவைப்போல் மூன்று மடங்காவது இருந்தால்தான் தொழில் ஆரோக்கியமானது. மற்ற தொழில்களில் இந்த மதிப்பு, வாங்கிய பொருளிலிருந்தோ பெற்ற சேவையிலிருந்தோ வருகிறது. சூதாட்டத்தில் ஆடுபவர் இழக்கும் தொகையிலிருந்தும் ஆட்டத்திற்கு ஆட்டம் அவரிடம் பிடிக்கப்படும் கழிவிலிருந்தும் மட்டுமே வருகிறது. மேசையில் வேறு வருமானம் கிடையாது.

எஞ்சும் நூறு பேர்

மாணவத் தோழர்களுக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வசதிக்காக எடுத்துக்கொண்டவை; கணக்கின் அமைப்புதான் முக்கியம்.

ஒரு நிறுவனம் ₹1 கோடி செலவிட்டு 5,000 பேரை முதல் வைப்புச் செலுத்த வைக்கிறது. ஓர் ஆளுக்கு ஈர்ப்புச் செலவு ₹2,000. மூன்று மடங்கு என்ற வழக்கின்படி இந்த 5,000 பேரிடமிருந்து ₹3 கோடி வந்தாக வேண்டும். இவர்களில் 4,000 பேர் முதல் மாதத்திலேயே ஆளுக்கு ₹300 விட்டுவிட்டு விலகுகிறார்கள். அதில் வருவது ₹12 லட்சம். அடுத்த 900 பேர் சில மாதங்களில் ஆளுக்கு ₹3,000 இழந்து நிறுத்துகிறார்கள். அதில் வருவது ₹27 லட்சம். மொத்தம் ₹39 லட்சம். மீதி ₹2 கோடியே 61 லட்சம் எங்கிருந்து வரும்? எஞ்சிய 100 பேரிடமிருந்து, ஆளுக்கு ₹2,61,000.

ரம்மி போன்ற ஆட்டங்களில் நிறுவனம் எடுப்பது கழிவு மட்டுமே; மீதிப் பணம் ஆடுவோர் கைகளில் சுற்றுகிறது. ஆகவே ஒருவரிடமிருந்து கழிவாக மட்டும் இவ்வளவு தொகை வர வேண்டுமென்றால், அதைப்போல் பல மடங்குப் பணத்தை அவர் திரும்பத் திரும்ப மேசையில் வைத்தாக வேண்டும். விட்டதைப் பிடிக்க மேலும் வைப்பவர்தான் நிறுவனத்திற்குப் பயன்படுபவர்.

இது கற்பனையில் மட்டும் உள்ள அமைப்பு அன்று. சூதாட்டம் சட்டப்பூர்வமாகவும் உரிமத்தோடும் நடக்கும் பிரிட்டனில், நாடாளுமன்ற மேலவையின் தேர்வுக் குழு 2020 ஜூலையில் அளித்த அறிக்கை, தொழிலின் இலாபத்தில் 60 விழுக்காடு வெறும் 5 விழுக்காட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து வருவதாகக் குறிப்பிட்டது. அந்த 5 விழுக்காட்டினர் சூதாட்டச் சிக்கலில் வீழ்ந்தவர்கள் அல்லது வீழும் விளிம்பில் நிற்பவர்கள். அடிமையாதல் என்பது இத்தொழிலின் பக்க விளைவு என்று சொல்லப்படுகிறது. கணக்கேட்டின்படி பார்த்தால் அதுவே இத்தொழிலின் வருவாய்.

செலவைக் குறைக்கும் வழிகள்

இந்தியாவில் இந்த ஈர்ப்புக்காகக் கொட்டப்பட்ட பணத்தின் அளவு கிரிக்கெட் திடலில் வெளிப்படையாகத் தெரிந்தது. 2020 ஐபிஎல் போட்டிக்குப் பெயர் சூட்டும் உரிமைக்கு டிரீம்11 நிறுவனம் ₹222 கோடி கொடுத்தது. 2023இல் இந்திய அணியின் சட்டையில் தன் பெயரைப் பொறிக்க ₹358 கோடிக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் செய்தது. இவற்றை விளையாட்டுக்கான புரவலாகப் பார்க்கக் கூடாது. இவையும் ஈர்ப்புச் செலவே. இந்தப் பணம் எங்கிருந்து திரும்பி வர வேண்டும் என்பதை மேலே கண்டோம்.

இவ்வளவு செலவிடும் தொழில் இயல்பாகவே அச்செலவைக் குறைக்க முயலும். அதன் வழிகளை வரிசைப்படுத்தினால் நம் ஊர்த் தெருக்களில் நடந்தவை விளங்கும்.

முதலாவது, சேர்க்கை ஊக்கத்தொகை. கையில் பணமாக எடுக்க முடியாத தொகையைக் கணக்கில் காட்டி, குறிப்பிட்ட அளவு ஆடினால்தான் எடுக்கலாம் என்ற நிபந்தனையை விதிப்பார்கள். நிறுவனத்திற்குச் செலவு குறைவு. ஆடுபவருக்கோ 'இலவசமாகக் கிடைத்த பணம்' என்ற எண்ணம். 2023 அக்டோபர் 1 முதல் செலுத்தும் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டபோது, ₹100 செலுத்தினால் அதில் ஏறத்தாழ ₹22 வரியாகப் போனது. பல நிறுவனங்கள் அந்தத் தொகையை ஊக்கத்தொகையாகத் திருப்பித் தந்தன. ஆடுபவரின் கையைத் தடுத்திருக்க வேண்டிய வரியின் உறைப்பு அவருக்குத் தெரியாமலேயே போயிற்று.

இரண்டாவது, பரிந்துரை. நண்பரைச் சேர்த்தால் இருவருக்கும் தொகை. இதில் நிறுவனம் விளம்பரத்திற்குக் கொடுக்க வேண்டிய பணத்தின் சிறு பகுதியைத் தொழிலாளிக்கே கொடுத்து, அவருடைய நட்பையும் உறவையும் வலையாக்கிக் கொள்கிறது. ஒரே தறிக்கூடத்தில், ஒரே விடுதியில், ஒரே குடியிருப்பில் அடுத்தடுத்துப் பலர் சேர்வது இப்படித்தான்.

மூன்றாவது, ஒத்தவரைத் தேடுதல். ஏற்கெனவே அதிகம் இழந்தவர்களின் வயது, இடம், கைப்பேசி வகை, பயன்படுத்தும் நேரம் ஆகியவற்றைக் கொண்டு, அவர்களைப் போன்ற புதியவர்களுக்கே விளம்பரத்தைக் காட்டும்படி சமூக ஊடகத்தின் கணினி நிரலிடம் கேட்கலாம். நிரலுக்குச் சாதி தெரிய வேண்டியதில்லை. மலிவான கைப்பேசி, வாரக் கூலி, இரவுப்பணி, தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்பு என்ற அடையாளங்கள் போதும். நம் சமூகத்தில் இந்த அடையாளங்கள் யாரைச் சென்று சேரும் என்று விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, இடைத்தரகர்கள். டெலிகிராம் குழுவும் யூடியூப் பக்கமும் நடத்துபவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்றோ, தாம் சேர்த்துவிட்டவர் இழப்பதில் இத்தனை விழுக்காடு என்றோ பெறுகிறார்கள். இரண்டாவது முறையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சேர்த்துவிட்டவர் வென்றால் இடைத்தரகருக்கு வருமானமில்லை. தோற்றுக்கொண்டே இருந்தால்தான் உண்டு. "இன்றைக்கு உறுதியாக வெல்லும் குறிப்பு" என்று அவர் அனுப்பும் செய்தியை இந்த ஒளியில் படிக்க வேண்டும்.

நீதிமன்றம் சீட்டைப் பார்த்தது, கணக்கேட்டைப் பார்த்ததா?

அரசமைப்பு அவையில் 1949 செப்டம்பரில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் இடம்பெறலாமா என்ற விவாதம் எழுந்தது. சூதாட்டத்திற்கு ஏற்பளிப்பதாகாதா என்று சில உறுப்பினர்கள் எதிர்த்தனர். அந்த உள்ளீட்டை நீக்கினால் சூதாட்டத்தின் மீது எந்தக் கட்டுப்பாடும் இராது, உள்ளீடு இருந்தால்தான் மாநிலங்கள் அதைத் தடை செய்யவும் முடியும் என்பது அண்ணல் அம்பேத்கர் அளித்த விடையின் சாரம். அறத்தை அதிகாரத்தோடு இணைத்துப் பார்த்த விடை அது. 1957இல் சாமர்பாக்வாலா வழக்கில், சூதாட்டம் அரசமைப்பு காக்கும் வணிகம் அன்று என உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

பிறகு விவாதம் வேறு பக்கம் திரும்பியது. 1968இல் செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய சத்தியநாராயணா வழக்கில், ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இன்றுவரை நிறுவனங்கள் உயர்த்திப் பிடிப்பது இந்த வரியைத்தான். அதே தீர்ப்பின் மற்றொரு பகுதியை அவை உரக்கப் படிப்பதில்லை. பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்தின் உரிமையாளர் இலாபம் ஈட்டுகிறார் என்பதற்குச் சான்று இருந்தால் நிலைமை வேறாகலாம் என்றும் நீதிமன்றம் அப்போதே குறிப்பிட்டது. ஈர்ப்புச் செலவும் வாழ்நாள் மதிப்பும் எழுதப்பட்ட கணக்கேட்டைவிட வலுவான சான்று வேறென்ன இருக்க முடியும்?

தமிழ்நாடு 2020 நவம்பரில் கொண்டுவந்த அவசரச் சட்டத்தைத் தொடர்ந்து இயற்றிய தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று செல்லாது என்று அறிவித்தது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு அறிக்கை அளித்தது. அதையொட்டி இயற்றப்பட்ட சட்ட முன்வரைவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச் 23 அன்று சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் அது சட்டமானது. அதற்குள் 40-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருந்தன. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் வாய்ப்பு சார்ந்த ஆட்டங்களுக்கான தடையை ஏற்றது. ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

திருப்பம் 2025இல் வந்தது. ஆதார்வழிச் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை ஆட்டத் தடை, தொடர்ந்து ஆடுவோருக்கு எச்சரிக்கைச் செய்தி ஆகியவற்றைக் கொண்ட தமிழ்நாட்டின் விதிமுறைகளை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று உறுதி செய்தது. திறமையா வாய்ப்பா என்ற வட்டத்தைவிட்டு, மக்கள் நலம் என்ற தளத்திற்கு விவாதம் நகர்ந்த தீர்ப்பு அது. அடுத்து நாடாளுமன்றம், திறமையோ வாய்ப்போ, பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஆகஸ்ட் 22 அன்று அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. இத்தகைய ஆட்டங்களில் 45 கோடிப் பேர் ஆண்டுக்கு ₹20,000 கோடி இழப்பதாக ஒன்றிய அரசு மதிப்பிட்டது. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. டிரீம்11 இந்திய அணியின் சட்டையிலிருந்து விலகியது. அச்சட்டத்திற்கு எதிராகப் பல உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

அந்த வழக்கில் மீண்டும் சீட்டின் திறமையே பேசப்படுமானால் நமக்குக் கிடைக்கப் போவது எதுவுமில்லை. கணக்கேட்டில் திறமைக்கென்று ஒரு பத்தி கிடையாது.

இதில் சாதி எங்கே இருக்கிறது?

சூதாட்டம் எல்லாச் சாதியினரையும் கெடுக்கிறது, இதில் தலித் அரசியல் எதற்கு என்று தோழமையோடு கேட்பவர்கள் உண்டு. இழப்பு எல்லோருக்கும் உண்டு. அந்த இழப்பு எங்கே போய் முடிகிறது என்பதில்தான் சாதி இருக்கிறது.

₹2 லட்சத்தை இழந்த நிலவுடைமைக் குடும்பத்து இளைஞருக்குத் தோட்டம் இருக்கிறது. அடகு வைக்க நகை இருக்கிறது. கூட்டுறவு வங்கியில் பெயர் சொன்னால் தெரிந்த மாமன் இருக்கிறார். நிலமற்ற குடும்பத்திற்கு இருப்பவை மூன்று வாசல்கள்: கந்துவட்டி, மனைவியின் பெயரில் நுண்கடன், முதலாளியிடம் முன்பணம். முதல் வாசலில் வெற்றுக் காசோலை கேட்கப்படுகிறது. இரண்டாம் வாசலில், ஆடாத பெண்ணின் தலையில் கடன் ஏறுகிறது. அவர் தவணை தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் அவர் வாசலில் வந்து நிற்கிறார்கள். மூன்றாம் வாசல் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. முன்பணத்தைக் கழிக்கும்வரை வேறு வேலைக்குப் போகக் கூடாது என்ற நிலை வந்தால், அது 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்ததாகச் சொல்லும் கொத்தடிமை முறை. பட்டியல் சாதியினரைக் கொத்தடிமையாக வைத்திருப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். கைப்பேசியில் தொடங்கிய ஆட்டம் தறிக்கூடத்து அடிமைத்தனத்தில் வந்து முடிய இவ்வளவு குறுகிய வழிதான் இருக்கிறது.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்னொரு முரணையும் நினைவில் கொள்ள வேண்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஆனால் பந்தயம் கட்டுவதற்காக வாங்கிய கடன், அக்காரணத்தினாலேயே செல்லாததாகிவிடாது என்பது 1959ஆம் ஆண்டு கெருலால் பாரக் வழக்கிலிருந்து வரும் நிலை. சூது சட்டத்தின் கண்ணில் வெறுமை. அதற்குக் கொடுத்த கடன் முழுமை. சூதாட்ட நிறுவனத்திடம் போன பணம் திரும்பாது. கந்துவட்டிக்காரரின் பணம் திரும்பியாக வேண்டும். என் கட்சிக்காரர் நின்றது இந்த இடுக்கில்தான். 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் அவருக்கு ஓரளவு கைகொடுத்தது. 2025இல் தமிழ்நாடு இயற்றிய கடன் வசூல் வன்செயல் தடுப்புச் சட்டமும் நம் மக்களுக்குப் பயன்படக் கூடியதே.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, அவ்வாண்டு தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 26.4 விழுக்காட்டினர் தினக்கூலிகள் என்கிறது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு நெருக்கமானோர் ஆண்டு வருமானம் ₹1 லட்சத்தை எட்டாதவர்கள். தொழில் வாரியாகவும் வருமான வாரியாகவும் அட்டவணை போடும் அந்த அறிக்கையில் சாதி வாரியான அட்டவணை இல்லை. எண்ணப்படாத சாவு கொள்கைக்குள் நுழைவதில்லை. பட்டியல் சாதியினரின் பொருளாதார நலனைத் தனிக் கவனத்தோடு காக்கவும், எல்லா வகைச் சுரண்டலிலிருந்தும் அவர்களைப் பாதுகாக்கவும் அரசமைப்பின் 46ஆம் உறுப்பு அரசைப் பணிக்கிறது. இணையச் சூதாட்டம் பற்றிய விவாதங்களில் அந்த உறுப்பைச் சுட்டிக்காட்ட வேண்டிய பொறுப்பு நம்முடையது.

தடைக்குப் பின் என்ன நடக்கிறது?

தடை வந்ததும் தொலைக்காட்சி விளம்பரம் நின்றது. ஆட்டம் நிற்கவில்லை. வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்கள் வரியும் கட்டுவதில்லை, ஆதார் சரிபார்ப்பும் கேட்பதில்லை. தடைக்கு முன்பே அவை செய்தித் தளங்களின் பெயரில் மறைமுகமாக விளம்பரம் செய்ததை ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 அக்டோபரில் பெயர் குறித்துக் கண்டித்தது. அவற்றின் ஈர்ப்புச் செலவு இன்று நட்சத்திரங்களிடம் போவதைவிட உள்ளூர் முகவர்களிடமே அதிகம் போகிறது. ஐபிஎல் மாலைகளில் நம் தேநீர்க் கடைகளில் ஒரு கைப்பேசியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் அந்த முகவரும் நிற்கிறார். அவரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஓர் இளைஞரே.

பணம் போய்ச் சேர வங்கிக் கணக்கு வேண்டும். அங்கேதான் புதிய பொறி இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்குத் தம் வங்கிக் கணக்கையும் சிம் அட்டையையும் வாடகைக்கு விட்ட மாணவர்களின் பெற்றோர் இப்போது வழக்குரைஞர்களைத் தேடி வருகிறார்கள். 2025 மார்ச்சில் ஜிஎஸ்டி புலனாய்வு இயக்ககம் 357 தளங்களை முடக்கி, 2,000-க்கும் மேற்பட்ட வங்கிக் கணக்குகளின் மீது நடவடிக்கை எடுத்ததாக அறிவித்தது. தளத்தின் உரிமையாளர் கடல் கடந்து இருக்கிறார். கணக்கு வைத்திருந்தவர் காவல் நிலையத்தில் இருக்கிறார். கல்வி உதவித்தொகை வரும் கணக்கு முடக்கப்பட்டால் அவருடைய படிப்பும் அங்கேயே நின்றுபோகும்.

தண்டனையிலும் இதே சாய்வு உண்டு. 2025ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ₹1 கோடி வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் ₹50 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமோ ஆடுபவருக்கும் 3 மாதச் சிறை அல்லது ₹5,000 அபராதம் என்கிறது. காவல்துறை யாருடைய கைப்பேசியை வாங்கிப் பார்க்கும், யாருடையதைப் பார்க்காது என்பது இந்த வட்டாரத்தில் வாழும் நமக்குப் புதிய செய்தி அன்று.

கோவைக்கு இந்தக் கதையில் இன்னோர் இடமும் உண்டு. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. ஆனால் வேறு மாநிலங்களில் லாட்டரி விற்கும், கோவையோடு தொடர்புடைய ஃபியூச்சர் கேமிங் நிறுவனம், 2024 மார்ச்சில் வெளியான விவரங்களின்படி ₹1,368 கோடிக்குத் தேர்தல் பத்திரங்களை வாங்கி நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது. அதில் ₹509 கோடியைத் தாம் பெற்றதாகத் திமுக தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. லாட்டரி அந்த மாநிலங்களில் சட்டப்பூர்வமானது. நன்கொடையும் அன்றைய சட்டப்படி வழங்கப்பட்டதே. அந்தப் பத்திரத் திட்டத்தைத்தான் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. சூதிலும் லாட்டரியிலும் திரளும் சிறு தொகைகள் எவ்வளவு பெரிய அரசியல் எடையாக மாறக்கூடும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. எந்தக் கட்சியின் வாக்குறுதியையும் இந்த எடையை மறந்துவிட்டு நாம் மதிப்பிட முடியாது.

நாம் கோர வேண்டியவை

நிறுவனங்கள் ஈர்ப்புச் செலவைக் குறைக்கத் திறமையை எல்லாம் கொட்டுகின்றன. நம் கோரிக்கைகளின் நோக்கம் அதற்கு நேர்மாறானது: ஓர் ஏழையைப் பிடிப்பதற்கான செலவு, அவரிடமிருந்து எடுக்கக்கூடியதைவிட அதிகமாகும்படி செய்வது. அந்த எல்லையைத் தாண்டினால் அறிவுரை எதுவும் தேவைப்படாமலே தொழில் நின்றுபோகும். இத்தாலி 2018இல் சட்டம் இயற்றிச் சூதாட்ட விளம்பரங்களைத் தடுத்தது. பெல்ஜியம் 2023இல் பெரும்பாலான விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. சூதாட்டத்தை அனுமதிக்கும் நாடுகளே ஈர்ப்பின் கழுத்தைப் பிடிக்கின்றன.

1. உச்ச நீதிமன்ற வழக்கில் நிறுவனங்களின் ஈர்ப்புச் செலவு, வாழ்நாள் மதிப்பு, அதிகம் இழந்த 5 விழுக்காட்டினரிடமிருந்து வந்த வருவாய் ஆகியவற்றைத் தாக்கல் செய்யும்படி அரசுகள் கோர வேண்டும். தலித் அமைப்புகள் 46ஆம் உறுப்பை முன்வைத்து இடையீட்டு மனு தாக்கல் செய்ய வேண்டும்.

2. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடுபவருக்கான தண்டனையை நீக்க வேண்டும். இழப்பில் பங்கு பெறும் இடைத்தரகரையும், அவருக்குப் பணம் அனுப்புபவரையும், விளம்பரத்தை ஏற்ற தளத்தையும் நோக்கி விசாரணை மேல்நோக்கிச் செல்ல வேண்டும்.

3. கணக்கை வாடகைக்கு விட்டு ஏமாந்த மாணவர்களை, வலையமைப்பை நடத்தியவர்களிடமிருந்து பிரித்துப் பார்க்கும் வழிகாட்டுதல் வேண்டும். உதவித்தொகைக் கணக்கு முடக்கப்பட்டால், உதவித்தொகை அளவுக்கான தொகையையாவது உடனே விடுவிக்க வேண்டும்.

4. தற்கொலைப் பதிவுகளில் சூதாட்டக் கடனும் சாதியும் தனித்தனியே பதிவு செய்யப்பட வேண்டும். மாவட்ட விழிப்புக் குழுக்கள் முன்பணக் கடன்களை ஆராயும்போது கடனின் தோற்றத்தையும் கேட்க வேண்டும்.

5. சமூகநீதி விடுதிகளிலும் கல்லூரிகளிலும் வங்கிக் கணக்கு வாடகை, பரிந்துரைக் கழிவு ஆகியவற்றைப் பற்றிய சட்ட வகுப்புகளை நடத்த வேண்டும். இதற்கு அரசை எதிர்பார்க்க வேண்டியதில்லை. நம் மாணவர் அமைப்புகளே தொடங்கலாம்.

இப்போதே செய்யக்கூடியவை சிலவும் உண்டு. பணம் போன உடனேயே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் பதிய வேண்டும். கடனால் மனம் உடைந்தவர்களுக்கு 14416 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும். வெற்றுக் காசோலை கொடுத்தவர்கள் வழக்கு வரும்வரை காத்திருக்காமல், வாங்கிய தொகை, கட்டிய வட்டி, நாள் ஆகியவற்றை இன்றே எழுதி வைக்க வேண்டும். வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுக வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உரிமையாகும்.

என் கட்சிக்காரரின் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அசல் தொகை தவணையில் கட்டப்படுகிறது. கடைசி வாய்தாவுக்கு வந்தபோது அவர் மனைவி என்னிடம் ஒன்று கேட்டார்: "எங்க வீட்டுக்காரரு ஆடுனது தப்புங்க. அதை நாங்க கட்டறோம். ஆட வெச்சவங்க எதையுமே கட்ட வேண்டியதில்லைங்களா?" அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இன்னும் விடை எழுதப்படவில்லை. எழுத வைப்பது நம் வேலை.